வளைவரையின் கீழுள்ள பரப்பு ஒத்துவரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

தரவு கையில் இருக்கிறது, வளைவரையும் வரைந்தாகிவிட்டது. அதன் கீழுள்ள பரப்பு, அதாவது மொத்த அளவு, மட்டும் எதனோடும் ஒத்துவர மறுக்கிறது. சென்னையில் மொட்டைமாடி சோலார் வைத்திருப்பவர்கள், ஏரியிலிருந்து வெளியேறும் நீரைக் கணக்கிடும் தன்னார்வலர்கள், ப்ராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவர்கள் ஆகியோர் கொண்டுவரும் தாள்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை ஏறத்தாழ ஒரே பிழைகள்தாம். பெரும்பாலோர் முதலில் சூத்திரத்தைச் சந்தேகிக்கிறார்கள். சரிவக விதியை (புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துப் பரப்பைக் கூட்டுவது) கைவிட்டு சிம்ப்சன் விதிக்கு (வளைகோட்டால் இணைத்துக் கூட்டுவது) தாவுகிறார்கள், அல்லது வேறு மென்பொருள் தேடுகிறார்கள். சூத்திரம் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். முதலில் அலகு, பிறகு எல்லை, பிறகு தரவு எடுத்த விதம், கடைசியில்தான் சூத்திரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். செலவில்லாத சோதனைகள் எல்லாம் முன்னால் வந்துவிடுகின்றன.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

ஒரு மாதிரித் தரவை வைத்துக்கொள்வோம். 3 கிலோவாட் சோலார் அமைப்பு, காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை மணிக்கொரு அளவு, கிலோவாட்டில்:

0, 0.3, 0.9, 1.5, 2.0, 2.3, 2.4, 2.3, 1.9, 1.4, 0.8, 0.3, 0.

கண்ணளவு. வளைவரையை ஒரு செவ்வகத்துக்குள் அடையுங்கள். அகலம் 12 மணி நேரம், உயரம் 2.4 கிலோவாட், பரப்பு 28.8 யூனிட் (கிலோவாட்-மணி). ஒற்றை மேடாக எழுந்து இறங்கும் வளைவரை பெரும்பாலும் இந்தச் செவ்வகத்தின் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் அடங்கும். அதாவது 14.4-க்கும் 19.2-க்கும் நடுவே. சரிவக விதி தரும் விடை 16.1 யூனிட். பொருந்துகிறது. உங்கள் விடை இந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருந்தால் கீழே முதல் அறிகுறிக்குப் போங்கள்.

ஒன்றுவிட்டு ஒன்று. அதே தரவில் ஒன்றுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்து (6, 8, 10 மணி என்று) மீண்டும் கணக்கிடுங்கள். 0.9, 2.0, 2.4, 1.9, 0.8 ஆகியவற்றின் கூட்டல் 8.0, இடைவெளி 2 மணி, விடை 16.0. பாதித் தரவைத் தூக்கியெறிந்தும் விடை 0.1 யூனிட்தான் நகர்ந்தது. அப்படியானால் இந்த வளைவரைக்கு மணிக்கொரு அளவு போதும், சூத்திரத்தை மாற்றி எந்தப் பயனும் இல்லை. சிம்ப்சன் விதியில் போட்டாலும் 16.13-தான் வருகிறது. இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டு வருபவர்களின் சிக்கலைத் தீர்ப்பது எளிது. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

## அறிகுறி: விடை பல மடங்கு பெரியது, அல்லது பல மடங்கு சிறியது

எத்தனை மடங்கு என்று வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

24 மடங்கு சிறியது. எக்செல் நேரத்தை நாளின் பின்னமாகச் சேமிக்கிறது. ஒரு மணி நேரம் என்பது அதற்கு 1/24, அதாவது 0.041666. திரையில் 7:00, 8:00 என்று தெரிந்தாலும் கழித்தால் வருவது இந்தப் பின்னம்தான். நம் மாதிரித் தரவு இப்படி 0.67 ஆகச் சுருங்கிவிடும். நேர வேறுபாட்டை 24-ஆல் பெருக்குங்கள், 16.1 வந்துவிடும். சென்னையில் என்னிடம் வரும் சோலார் தாள்களில் மிகுதியாகக் காணும் பிழை இதுதான்.

60 அல்லது 3,600 மடங்கு. நிமிடமும் மணியும் குழம்பியிருக்கின்றன, அல்லது வினாடியும் மணியும். ஏரிக் கணக்கில் இது மிகவும் படுத்தும். செம்பரம்பாக்கத்தில் நீர் திறப்பு வினாடிக்கு 1,000 கனஅடியில் தொடங்கி ஆறு மணி நேரத்தில் சீராக 7,000 கனஅடிக்கு உயர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 4,000, நேரம் 6, பெருக்கினால் 24,000. பலர் இங்கேயே நிறுத்தி ‘24,000 கனஅடி வெளியேறியது’ என்று எழுதிவிடுகிறார்கள். 24,000 கனஅடி என்பது சுமார் 6.8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 57 லாரி. ஆறு மணி நேரம் மதகைத் திறந்துவிட்டதில் போனது 57 லாரித் தண்ணீர்தானா? வினாடிக் கணக்கில் உள்ள உயரத்தை மணிக் கணக்கில் உள்ள அகலத்தோடு பெருக்கியதுதான் கோளாறு. 3,600-ஆல் பெருக்குங்கள்: 8 கோடியே 64 லட்சம் கனஅடி, அதாவது 86.4 மில்லியன் கனஅடி. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அதில் சுமார் 2.4 விழுக்காடு. இப்போது நம்பும்படி இருக்கிறது.

மனப்பாடமாக வைத்துக்கொள்ள ஓர் எண்: வினாடிக்கு 1,000 கனஅடி ஒரு நாள் முழுதும் போனால் 86.4 மில்லியன் கனஅடி. செய்தித்தாளில் வரும் எந்த வெளியேற்ற அளவையும் இதைக் கொண்டு நொடியில் சரிபார்க்கலாம்.

ஒன்றரை, இரண்டு மடங்கு பெரியது. உச்ச அளவை மொத்த நேரத்தோடு பெருக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கத்திலிருந்து உச்சமாக வினாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டது. அந்த அளவு ஒரு நாள் முழுதும் நீடித்ததாகக் கொண்டால் சுமார் 2,506 மில்லியன் கனஅடி, ஏரியின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். உச்சம் எவ்வளவு நேரம் நின்றது என்பதை வளைவரைதான் சொல்ல வேண்டும். இவ்வளவு வலியோடு நினைவுகூரப்படும் ஒரு நிகழ்வில் உச்சத்தையும் மொத்தத்தையும் குழப்பிப் பேசுவது நியாயமில்லை.

இடைவெளி எவ்வளவோ அவ்வளவு மடங்கு. பைத்தான் நிரல்மொழியின் நம்பை (NumPy) தொகுப்பில் சரிவகக் கட்டளைக்கு உயரங்களை மட்டும் கொடுத்தால் அது இடைவெளியை 1 என்று எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்த தரவானால் மணிக் கணக்கில் விடை 12 மடங்கு பெரிதாக வரும். இரண்டையும் கொடுக்கும்போது வரிசையிலும் கவனம் தேவை. நம்பையில் உயரம் முதலில், நேரம் பிறகு. மேட்லாப் (MATLAB) மென்பொருளில் நேரம் முதலில். ஒன்றில் பழகியவர்கள் மற்றொன்றில் கட்டாயம் தடுமாறுவார்கள். மாற்றிக் கொடுத்தாலும் பிழைச் செய்தி வராது, ஏதோ ஓர் எண் வரும். நம் மாதிரியைப் போல 0-வில் தொடங்கி 0-வில் முடியும் தரவானால் எதிர்மறை எண் வரும்.

மடங்கு எந்த முழு எண்ணிலும் சேரவில்லை, ஆனால் எல்லா நாளும் ஒரே விகிதம். கணக்கில் குற்றமில்லை, கருவியில் பாருங்கள். மின் அளவியாக இருந்தால் சிடி (மின்னோட்டத்தைக் குறைத்து அளவிக்குத் தரும் மின்மாற்றி) விகிதம் தவறாக அமைக்கப்பட்டிருக்கலாம். அமைப்புப் பக்கத்தில் உள்ள எண்ணையும் சிடியின் மேல் அச்சிட்ட எண்ணையும் ஒப்பிடுவது வரைதான் நம் வேலை. மின்பலகையைத் திறக்க வேண்டிய நிலை வந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். அதற்கும் சிக்கவில்லை என்றால் அளவீட்டுத் துல்லியச் சோதனைக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புவது ஒன்றே வழி. செலவாகும். அதனால்தான் அது கடைசியில் நிற்கிறது.

## அறிகுறி: விடை கிட்டத்தட்டச் சரி, ஆனால் சில விழுக்காடு விலகுகிறது

முதலில் எண்ணிக்கை. வேலிக்குக் கம்பு நட்டவர்களுக்குத் தெரியும், 25 கம்பு நட்டால் இடையில் 24 இடைவெளிதான். நள்ளிரவு முதல் மறுநாள் நள்ளிரவு வரை மணிக்கொரு அளவு எடுத்தால் 25 அளவுகள் இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே கூட்டினால், சீராக வினாடிக்கு 1,000 கனஅடி ஓடிய நாளில் (3,600-ஆல் பெருக்கும் முன்) 24,000 வர வேண்டிய இடத்தில் 25,000 வரும். விலகல் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். முதல் அளவையும் கடைசி அளவையும் பாதியாக்கிக் கூட்டுங்கள், தீர்ந்தது. வளைவரை இரு முனையிலும் சுழியமாக இருந்தால் இந்தப் பிழை தன்னைக் காட்டிக்கொள்ளாது. சோலார் தரவில் பழகியவர்கள் ஏரித் தரவுக்கு வரும்போது மாட்டிக்கொள்வது இதனால்தான்.

அடுத்து எல்லை. மழைத் தரவில் இது ஓயாத தொல்லை. தானியங்கி மழைமானியின் வளைவரையை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை தொகையிட்டு (அதன் கீழுள்ள பரப்பைக் கண்டு), மீனம்பாக்கத்துக்கோ நுங்கம்பாக்கத்துக்கோ அறிவித்த 24 மணி நேர மழையோடு ஒப்பிடுகிறார்கள். வானிலைத் துறையின் 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. வடகிழக்குப் பருவமழையில் விடியற்காலையில் கொட்டித் தீர்த்துவிட்டால் இரண்டு கணக்கும் அடியோடு வேறுபடும். எல்லையை மாற்றிப் போட்டுவிட்டு அதற்குப் பிறகு பேசுங்கள். எல்லை சரியான பின்னும் வேறுபாடு நின்றால், உங்கள் மழைமானி இருக்கும் இடமும் அவர்களுடையதும் வேறு என்பதை மறக்காதீர்கள். சென்னையில் வேளச்சேரியில் பெய்யும் மழை அண்ணாநகரில் பெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றாவதாக, அந்த எண் கணநேர அளவா, சராசரியா? சில கருவிகள் அந்த நொடியின் அளவைப் பதிகின்றன. சில, கடந்த ஐந்து நிமிடத்தின் சராசரியைப் பதிகின்றன. சராசரியாக இருந்தால் சரிவக விதியே வேண்டாம். ஒவ்வொரு எண்ணையும் அதன் கால அளவோடு பெருக்கிக் கூட்டினால் அதுவே சரியான பரப்பு. முனைகளைப் பாதியாக்கவும் கூடாது. எது என்று தெரிய கருவியின் கையேட்டைப் புரட்டுங்கள். கையேடு இல்லையா? ஒரு மின்விளக்கைச் சட்டென்று அணைத்துப் பாருங்கள். பதிவில் நேராகச் சுழியத்துக்கு விழுந்தால் கணநேர அளவு. இடைப்பட்ட ஓர் எண் வந்துவிட்டுப் பிறகு சுழியமானால் சராசரி.

இந்த மூன்றும் சரி என்றால்தான் வளைவின் பிழை. சரிவக விதி புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கிறது. மேடாக வளைந்த இடத்தில் குறைத்துச் சொல்லும், பள்ளமாக வளைந்த இடத்தில் கூட்டிச் சொல்லும். இடைவெளியைப் பாதியாக்கினால் இந்தப் பிழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். சைன் வளைவரையின் ஒரு மேட்டுக்குச் சரியான பரப்பு 2. சரிவக விதியில் நான்கு பட்டைகளில் (அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட துண்டு ஒரு பட்டை) 1.8961, எட்டுப் பட்டைகளில் 1.9742 கிடைக்கிறது. பின்னதை நான்கால் பெருக்கி, முன்னதைக் கழித்து, மூன்றால் வகுங்கள்: 2.0003. புதிதாக ஓர் அளவுகூட எடுக்காமல் கிடைத்த துல்லியம் இது. ‘ஒன்றுவிட்டு ஒன்று’ சோதனையில் உங்களிடம் ஏற்கெனவே இரண்டு விடைகள் இருப்பதால் இதை எப்போதும் செய்து பார்க்கலாம். வளைவரை வழுவழுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

## அறிகுறி: விடை எதிர்மறை, அல்லது சுழியத்துக்கு அருகில்

### தரவு நள்ளிரவைத் தாண்டுகிறதா?

தாண்டுகிறது என்றால் அங்கேதான் பாருங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டில் ஏசி சராசரியாக 0.8 கிலோவாட் இழுக்கிறது. வர வேண்டியது 6.4 யூனிட். தேதி இல்லாமல் நேரம் மட்டும் இருந்தால் கணினிக்கு 22-க்குப் பிறகு 6 வருகிறது, அகலம் −16, விடை −12.8 யூனிட். நள்ளிரவுக்குப் பிந்தைய நேரங்களோடு 24-ஐக் கூட்டுங்கள் (எக்செல் நேரமானால் 1-ஐ). அல்லது தொடக்கத்திலிருந்தே தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் இருக்கும்படி பதியுங்கள். அகல நெடுவரிசையில் எதிர்மறை எண் ஏதாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாலே இது சிக்கிவிடும்.

### வளைவரை கிடை அச்சைக் கடக்கிறதா?

சோலார் வீடுகளில் மின்சாரம் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே வளைவரையில் மேலும் கீழுமாக வரும். மொத்தமாகத் தொகையிட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நிகரம்தான் வேண்டும் என்றால் அந்த விடை சரியே. வாங்கியது மட்டும் வேண்டும் என்றால் பிரிக்க வேண்டும், அதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. 10 மணிக்கு +0.6, 11 மணிக்கு −0.4. எதிர்மறையை எல்லாம் சுழியமாக மாற்றிவிட்டுச் சரிவக விதி போட்டால் 0.30 யூனிட் வரும். உண்மையில் கோடு 10 மணி 36 நிமிடத்தில் அச்சைக் கடக்கிறது. அதுவரையுள்ள முக்கோணம் 0.6 × 0.6 ÷ 2 = 0.18 யூனிட். கொடுத்தது 0.4 × 0.4 ÷ 2 = 0.08. நிகரம் 0.10. எனவே கடக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அங்கே சுழியம் என்று ஒரு புது வரிசையைச் செருகிவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

### இரண்டும் இல்லையா?

தரவு பின்னோக்கி அடுக்கப்பட்டிருக்கும். நேர வாரியாக வரிசைப்படுத்துங்கள்.

## அறிகுறி: சிம்ப்சன் விதி சரிவக விதியைவிட மோசமாக வருகிறது

சிம்ப்சன் விதிக்குப் பட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும், எண்ணிப் பாருங்கள். பட்டைகள் இரட்டைப்படை என்றால் உயரங்கள் ஒற்றைப்படை. நம் மாதிரியில் 12 பட்டை, 13 உயரம். ஒரு பட்டை மிஞ்சினால் அதை மட்டும் சரிவகமாகக் கணக்கிட்டுச் சேருங்கள். வளைவு மிகுந்த முனையில் அந்தப் பட்டை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பட்டைகளுக்குச் சிம்ப்சனின் 3/8 விதியை (மூன்று பட்டைகளை ஒருசேர எடுக்கும் விதி) போட்டு மிச்சத்துக்குச் சிம்ப்சன் விதி போடுவது இன்னும் நல்லது.

இடைவெளிகள் சமமா? பதிவுக்கருவி இடையில் ஒரு முறை தூங்கிவிட்டால் போதும், சிம்ப்சன் விதி உயரங்களைப் பெருக்கும் 4, 2, 4, 2 என்ற பெருக்கிகள் பொருளற்றவை ஆகிவிடும். சமமில்லாத இடைவெளிக்குச் சரிவக விதியே போதும், கவலைப்படாதீர்கள்.

இரண்டும் சரியென்றால் வளைவரையில் படிக்கட்டு இருக்கிறது என்று பொருள். மதகு சட்டென்று திறக்கப்படுகிறது. மணிக்கொரு அளவு 0, 0, 2000, 2000, 2000. மூன்றாம் அளவின் நொடியில் திறந்தார்கள் என்றால் உண்மை 4,000. சரிவக விதி 5,000 என்கிறது, சிம்ப்சன் 4,667. சிம்ப்சன்தான் மேல் என்று தோன்றும். ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்திருந்தால் 0, 2000, 2000, 2000, 2000. உண்மை 6,000, சரிவக விதி 7,000, சிம்ப்சன் 7,333. படி எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துச் சிம்ப்சன் அங்குமிங்கும் ஆடுகிறது. தீர்வு எளிது. படி இருக்கும் இடத்தில் வளைவரையை வெட்டி, ஒரே நேரத்துக்கு இரண்டு வரிசை போடுங்கள்: திறப்பதற்கு முன் 0, திறந்த பின் 2000. இரு துண்டுகளையும் தனித்தனியே தொகையிட்டுக் கூட்டுங்கள்.

## அறிகுறி: இடைவெளியைக் குறைக்கக் குறைக்க விடை மாறிக்கொண்டே இருக்கிறது

வரைந்த கோட்டை உற்றுப் பாருங்கள். ஊசிமுனை போன்ற உச்சங்கள் இருந்தால், அகலமான இடைவெளி சிலவற்றைத் தவறவிடுகிறது, சிலவற்றை அகலமாக்கிவிடுகிறது. மேகம் கடந்துபோகும் பகலில் சோலார் வளைவரை இப்படித்தான் இருக்கும். விதியை மாற்றிப் பயனில்லை, அடிக்கடி அளவெடுத்தால்தான் உண்டு. குறைந்தது, மிகக் குறுகிய உச்சத்துக்குள் நான்கைந்து புள்ளிகளாவது விழ வேண்டும். கடந்துபோன நாளுக்கு அது முடியாது. அந்த நாளின் விடையோடு இரு கணக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்து எழுதுங்கள். அதுதான் நேர்மையான விடை.

கோடு வழுவழுப்பாக இருந்தும் விடை மெதுவாகவே நிலைகொள்கிறது என்றால், ஏதோ ஒரு முனையில் அது செங்குத்தாகக் கிளம்புகிறது. வர்க்கமூல வளைவரை அப்படிப்பட்டது. 0 முதல் 1 வரை உண்மையான பரப்பு 0.6667. நான்கு பட்டைகளில் சரிவக விதி 0.6433 தருகிறது, சிம்ப்சன் 0.6565. அந்த முனையில் மட்டும் புள்ளிகளை நெருக்கமாக எடுங்கள், மற்ற இடத்தில் தளர்வாக இருக்கட்டும்.

## அறிகுறி: ட்ரெண்ட்லைன் சமன்பாட்டைத் தொகையிட்டால் அபத்தமான எண் வருகிறது

எக்செல் வரைந்த ஆறாம் படிக் கோடு புள்ளிகளின் மேல் அழகாகப் படிந்திருக்கும். பக்கத்தில் தெரியும் சமன்பாட்டை எடுத்து எழுதித் தொகையிட்டால் ஆயிரக்கணக்கில் எண் வரும். மாணவர்கள் கலங்கிப்போய் வருவது இதற்குத்தான்.

திரையில் தெரியும் கெழுக்கள் வெட்டிச் சுருக்கியவை. 0.0004 என்று தெரிவது உண்மையில் 0.00035-லிருந்து 0.00045 வரை எதுவாகவும் இருக்கலாம். நேரம் 18 என்னும்போது அதன் ஆறாம் படி 3 கோடியே 40 லட்சம். 0.00005 அளவு பிழை அதனோடு பெருகி 1,700 ஆகிறது. நம் வளைவரையின் உச்சமோ 2.4. சமன்பாட்டுப் பெட்டியின் எண் வடிவத்தில் தசம இடங்களைப் பதினைந்து வரை கூட்டுங்கள். கிடை அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்குங்கள். காலை 6 மணியை 0 என்று வைத்தாலே பாதி நோய் போய்விடும். அச்சில் ஆண்டு இருந்தால் (2015, 2016 என்று) கட்டாயம் இதைச் செய்ய வேண்டும்.

அதன் பிறகும் கோடு புள்ளிகளுக்கு நடுவே துள்ளினால் படியைக் குறையுங்கள். சம இடைவெளிப் புள்ளிகளில் உயர்படிக் கோவைகள் முனைகளில் அலைபாயும் என்பதை ஜெர்மானியக் கணிதவியலாளர் ரூங்கே 1901-லேயே காட்டிவிட்டார். என் தீர்மானமான கருத்து: கையில் புள்ளிகள் இருக்கும்போது பரப்புக்காகச் சமன்பாடு தேடாதீர்கள். புள்ளிகளை நேராகத் தொகையிடுங்கள்.

## அறிகுறி: ஒன்றும் நடக்காத நேரத்திலும் தொகை ஏறிக்கொண்டே போகிறது

ஆலந்தூரிலிருந்து கிண்டிக்கு மெட்ரோவில் போகும்போது கைப்பேசியின் முடுக்கமானியைப் பதிந்து, அதைத் தொகையிட்டு வேகம் காண்பது மாணவர்களுக்குப் பிடித்த ப்ராஜெக்ட். ரயில் நின்ற பிறகும் கணக்கில் வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டர் என்று நிற்கும். கைப்பேசி 0.3 பாகை சாய்ந்திருந்தால் போதும், புவியீர்ப்பின் ஒரு கூறு 0.05 மீட்டர்/வினாடி² என்ற பொய் முடுக்கமாகப் புகுந்துவிடும். இரண்டு நிமிடத்தில் அது வினாடிக்கு 6 மீட்டர், மணிக்கு 21.6 கிலோமீட்டர். இன்னொரு முறை தொகையிட்டுத் தூரம் கண்டால் 360 மீட்டர் பிழை. மேலும் கீழும் ஆடும் இரைச்சல் தொகையிடலில் பெரும்பாலும் கரைந்துவிடும். ஒரே பக்கம் சாய்ந்த பிழை கரையாது, நேரத்தோடு வளரும்.

ரயில் கிளம்பும் முன் அரை நிமிடம் பதிந்து, அந்தச் சராசரியை எல்லா அளவுகளிலிருந்தும் கழியுங்கள். போதவில்லை என்றால் நின்ற நொடியில் வேகம் சுழியம் என்று கட்டாயப்படுத்தி, மிஞ்சிய வேகத்தைப் பயண நேரம் முழுதும் சீராகப் பகிர்ந்து கழித்துவிடுங்கள். வழியில் கைப்பேசியின் சாய்வு மாறியிருந்தால் இரண்டும் உதவாது. தரையில் ஒட்டிவைத்து மறுபடி பயணம் செய்ய வேண்டியதுதான்.

மின் அளவியிலும் இதே கதை. இரவில் சோலார் 0.02 கிலோவாட் காட்டினால் நாளைக்கு 0.48 யூனிட், மாதத்துக்கு 14.4 யூனிட். இரவு அளவின் சராசரியைக் கழியுங்கள். அந்த அளவு நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தால் நிறுவியவரை அழைக்கும் நேரம் வந்துவிட்டது.

## அறிகுறி: தாளில் இருக்கும் வளைவரையை இருவர் அளந்தால் இரண்டு விடை

மூலத் தரவு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், பலர் கேட்பதே இல்லை.

கிடைக்காது என்றால் அச்சுகளைப் பாருங்கள். செங்குத்து அச்சு சுழியத்தில் தொடங்குகிறதா? அச்சிட்ட வரைபடங்களில் பெரும்பாலும் இடையிலிருந்து தொடங்கும், அடியில் மறைந்திருக்கும் செவ்வகத்தைச் சேர்க்க வேண்டும். அச்சு மடக்கை அளவிலா? அப்படியானால் கட்டம் எண்ணவே கூடாது. புள்ளிகளைப் படித்தெடுத்து எண்களாக்கிய பிறகே கணக்கு.

கட்டம் எண்ணுவதாக இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டரின் மதிப்பைத் தாளின் மூலையில் முதலில் எழுதுங்கள். கிடையில் 1 செ.மீ. = 2 மணி, செங்குத்தில் 1 செ.மீ. = 0.5 கிலோவாட் என்றால் ஒரு சதுர செ.மீ. = 1 யூனிட். கோடு வெட்டும் கட்டங்களில் பாதிக்கு மேல் உள்ளதை ஒன்று என்றும் குறைந்ததை விட்டும் எண்ணுவதை இருவரும் ஒரே மாதிரி செய்தால் வேறுபாடு பெருமளவு அடங்கும்.

கைப்பேசியில் படமெடுத்து மென்பொருளில் புள்ளி எடுக்கிறீர்களா? தாள் சாய்ந்திருந்தால் கட்டங்கள் சரிவகமாகிவிடும். நேர் மேலிருந்து எடுங்கள், இரு அச்சுகளிலும் முனைக்கு முனை அளவு குறியுங்கள். தெரிந்த ஒரு செவ்வகத்தை வரைபடத்திலேயே அளந்து, சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

வெட்டி எடைபோடும் பழைய முறையும் கெட்டதல்ல. 80 கிராம் தாளில் ஒரு சதுர செ.மீ. 8 மில்லிகிராம். 0.01 கிராம் காட்டும் தராசில் 16 சதுர செ.மீ. துண்டை வைத்தால் ஒரு சதுர செ.மீ. இப்படியும் அப்படியும் போகும். வரைபடத்தைப் பெரிதாக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுத் துண்டையும் அதே தாளிலிருந்து வெட்டி அதே நேரத்தில் எடைபோடுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்தைத் தாள் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் எடைபோட்டால் ஒப்பிட முடியாது. விளிம்பைச் சுற்றி ஓட்டினால் பரப்பைக் காட்டும் பிளானிமீட்டர் சில கல்லூரிகளின் சர்வே ஆய்வகங்களில் இன்னும் இருக்கும். சுவிஸ் கணிதவியலாளர் ஆம்ஸ்லர் 1854-இல் உருவாக்கிய அந்தக் கருவி இன்றும் நம்பத்தக்கது. 10 செ.மீ. சதுரத்தைச் சுற்றிப் பார்த்து 100 காட்டுகிறதா என்று சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு விடைகள் இருந்து, அந்தப் பரப்பில் பணமோ உரிமையோ தங்கியிருந்தால் நீங்களே முடிவுசெய்யாதீர்கள். மனை எல்லைக்கு உரிமம் பெற்ற சர்வேயர், ஏரி வெளியேற்றத்துக்கு நீர்வளத் துறையின் மூலப் பதிவு, மழைக்கு நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையம். போகும்போது இறுதி விடையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். புள்ளிகளின் பட்டியல், அலகு, தொடக்க முடிவு நேரம், ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துப் போட்ட கணக்கு ஆகிய நான்கும் ஒரே தாளில் இருக்கட்டும்.